ஷுலைர் மலைப் பூக்களும் பனி குறைந்த கோடையும்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், மத்தியதரைக் கடலிலிருந்து ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில், ஓர் உயர்ந்த மலைத்தொடர் நிற்கின்றது. இன்றைய உலகம் அதனைச் சியரா நெவாடா என அழைக்கின்றது. பனி படர்ந்த மலைத்தொடர் என்பது அப்பெயரின் பொருள். அந்தலுஸ் காலத்து அரபு நூல்களில் அதன் பெயர் ஜபல் ஷுலைர். ஜபலுஸ் ஸல்ஜ், அதாவது பனிமலை, என்றும் அதனைக் குறித்தனர். மாரியிலும் கோடையிலும் பனி நீங்காத மலை என்பதே அரபுப் புவியியலாளர் அதற்குக் கூறிய முதல் இலக்கணம்.

அம்மலையின் சிகரப் பெயர்களில் அந்தலுஸின் நினைவு இன்றும் தங்கியுள்ளது. ஏறத்தாழ 3,480 மீட்டர் உயர்ந்து, ஐபீரியத் தீபகற்பம் முழுவதிலும் மிக உயர்ந்ததாக விளங்கும் சிகரத்திற்கு முல்ஹசேன் என்று பெயர். கர்னாத்தாவில் 1464ஆம் ஆண்டு அரியணையேறிய நஸ்ரீ அரசர் அபுல் ஹஸன் அலீயை மக்கள் மௌலாய் ஹஸன் என்றழைத்தனர்; அச்சொல்லே திரிந்து முல்ஹசேன் ஆயிற்று. அதனையடுத்துள்ள மற்றொரு சிகரம் அல்கசாபா. அல்கஸபா, அதாவது கோட்டை, என்ற அரபுச் சொல்லே அது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இம்மலையின் உச்சிகளில் வாழும் சின்னஞ்சிறு செடிகளைப் பற்றியும், வழக்கத்திற்கு மாறான ஒரு கோடை அவற்றை எவ்வாறு தாக்குகின்றது என்பது பற்றியும் இக்கட்டுரையில் ஆராய்வோம். குளிரில் வாழும் செடிக்கு வெப்பம் மிகுந்தால் வளர்ச்சி மிகுமே, அதனால் என்ன தீங்கு என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. சில மலைகளில் அவ்வாறே நிகழ்ந்தும் இருக்கின்றது. ஷுலைரில் நிகழ்வது வேறு. அந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால், அம்மலையின் பூக்களுக்கு நேர்ந்துள்ள இடர் எத்தகையது என்பதும், மனிதர் செய்யக்கூடியது எவ்வளவு என்பதும் தெளிவாகும்.

பனி என்னும் போர்வை

மரங்கள் வளரவியலாத உயரத்திற்கு மேல் வாழும் செடிகளை மலையுச்சித் தாவரங்கள் என்கிறோம். அவற்றின் தோற்றமே அவற்றின் வாழ்க்கை முறையைக் கூறிவிடும். அவை நிலத்தோடு ஒட்டி வளர்கின்றன. விரற்கடை உயரமே உள்ள செடியின் வேர் அதனைப்போல் பன்மடங்கு ஆழத்திற்குச் செல்வதுண்டு. பல செடிகள் தம் கிளைகளை நெருக்கி, பஞ்சு மெத்தை போன்ற வட்டவடிவில் அமைந்துவிடுகின்றன. இவ்வமைப்பினால் காற்று அவற்றை அலைப்பதில்லை. பகலில் பெற்ற வெப்பமும் எளிதில் வெளியேறுவதில்லை. வெயில் படும்போது நிலத்தை ஒட்டிய இலைகளின் வெப்பம் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைவிடப் பல டிகிரி மிகுந்திருக்கும். மலையேறும் மனிதன் குளிரில் நடுங்கும் அதே வேளையில் அவன் காலடியிலுள்ள செடி இதமான சூட்டில் இருக்கக்கூடும்.

மாரிக்காலத்தில் இச்செடிகளைக் காப்பது பனி. இது முதலில் கேட்போருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆழ்ந்து படிந்த பனியின் அடியில் மண்ணின் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். வெளியே எத்தகைய கடுங்குளிர் வீசினும் உள்ளே செல்வதில்லை. பனிக்காற்றினால் இலைகள் உலர்ந்துபோகாமலும் அப்போர்வை தடுக்கின்றது. பனி உரிய காலத்தில் உருகினால், செடி உறைபனியின் அபாயம் பெரிதும் நீங்கிய வேளையில் வெளிச்சத்திற்கு வருகின்றது. காலத்திற்கு முன்னரே உருகிவிட்டாலோ, இளந்தளிர்கள் வசந்தகால இரவுகளின் உறைபனிக்கு இரையாகின்றன. வெப்பம் மிகுந்த ஆண்டிலேயே செடிகள் குளிரால் கருகும் முரண் இவ்வாறு விளைகின்றது.

மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. மலையுச்சித் தாவரங்கள் பலவற்றில் இவ்வாண்டு மலரும் பூவின் அரும்பு சென்ற ஆண்டின் கோடையிலேயே உருவாகிவிடுகின்றது. வளர்ச்சிக்குரிய காலம் சில வாரங்களே ஆதலின், செடி முன்கூட்டியே அரும்பைச் சமைத்து மாரி முழுவதும் காத்திருக்கின்றது. எனவே ஒரு கோடையின் பழுதை அக்கோடையின் பூக்களை மட்டும் கொண்டு அளக்கவியலாது. மறு ஆண்டின் பூக்களிலும் அதன் கணக்கு எழுதப்பட்டிருக்கும்.

ஒரே வெப்பம், இரு மலைகள்

2003ஆம் ஆண்டின் கோடையில் ஐரோப்பாவைக் கடும் வெப்பம் தாக்கியது. அவ்வாண்டில் சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியைச் செயற்கைக்கோள் படங்கள் மூலம் ஆய்ந்தோர் குறிப்பிடத்தக்க ஓர் உண்மையைக் கண்டனர். தாழ்ந்த நிலங்களில் தாவர வளர்ச்சி குன்றியது. உயர்ந்த நிலங்களிலோ வளர்ச்சி மிகுந்தது. உச்சிப் பகுதிகளில் பனி முன்னரே உருகியதால் வளரும் காலம் நீண்டது. ஈரமும் போதிய அளவு இருந்தது. ஆல்ப்ஸ் மலையில் கோடையிலும் மழை பெய்யும் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அங்கு உச்சிச் செடிகளின் வளர்ச்சிக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் குளிரும் கால அளவுமே.

ஷுலைரின் நிலைமை அதற்கு நேர்மாறானது. மத்தியதரைக்கடல் தட்பவெப்பத்தில் மழையும் பனியும் இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரையே உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் மழை மிக அரிது. அந்த மாதங்களே உச்சிச் செடிகள் வளர்ந்து பூத்துக் காய்க்க வேண்டிய மாதங்கள். மழையில்லாத காலத்தில் அவற்றிற்கு நீர் எங்கிருந்து வரும்? மேலே எஞ்சியுள்ள பனி சிறிது சிறிதாக உருகி, பாறை இடுக்குகளின் வழியே கசிந்து, மண்ணை நனைக்கின்றது. சுருங்கக் கூறின், மாரியில் போர்வையாக இருந்த பனியே கோடையில் நீர்த்தொட்டியாகின்றது.

ஆகவே ஷுலைரின் செடி இரண்டு சுவர்களுக்கிடையே வாழ்கின்றது. ஒருபுறம் பனிக்காலம், மறுபுறம் வறட்சிக்காலம். இவற்றின் இடையிலுள்ள குறுகிய வெளியே அதன் வாழ்நாள். பனி முன்னரே உருகினால் முதற்சுவர் விலகுவது போலத் தோன்றும். ஆனால் வறட்சி என்னும் இரண்டாம் சுவரும் அதனோடு சேர்ந்து நெருங்கி வந்துவிடுகின்றது. ஆல்ப்ஸின் செடிக்குக் கூடுதல் நாட்களைத் தந்த வெப்பம், ஷுலைரின் செடிக்கு அது நம்பியிருந்த நீரையே பறித்துவிடக்கூடும்.

வேறெங்கும் இல்லாத பூக்கள்

இவ்விடர் பொருட்படுத்தத்தக்கதாவது, அம்மலையில் வாழ்பவை எவை என்பதை அறியும்போதுதான். சியரா நெவாடாவில் 2,100க்கும் மேற்பட்ட தாவர வகைகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் ஏறத்தாழ எண்பது வகைகள் உலகில் வேறெங்கும் காணப்படாதவை. ஒரு தனி மலைத்தொடருக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கையாகும். பனியூழிக் காலங்களில் வடக்கிலிருந்து தெற்கே பரவிய குளிர்நிலச் செடிகள், உலகம் மீண்டும் வெப்பமுற்றபோது தாழ்நிலங்களில் அழிந்து, இவ்வுயரத்தில் மட்டும் தங்கின. நாற்புறமும் வெப்பநிலம் சூழ்ந்திருக்க, கடல் நடுவே தீவில் ஒதுங்கியவை போல அவை தனித்து வாழ்ந்து, காலப்போக்கில் தனி வகைகளாயின.

அவற்றுள் பெயர்பெற்றது பனிநட்சத்திரம் என்று அந்நாட்டார் அழைக்கும் செடி. தாவரவியலார் அதற்கு இட்ட பெயர் பிளாண்டாகோ நிவாலிஸ். வெள்ளி நிறப் பட்டுமயிர் போர்த்த இலைகள் நட்சத்திரம் போல் தரையில் விரிந்திருக்கும். கடும் வெயிலைத் திருப்பி அனுப்புவதும் இலையின் ஈரம் போகாமல் காப்பதும் அம்மயிரின் பணி. சரியும் கற்குவியல்களிடையே வாழ்வது வயோலா கிராசியுஸ்குலா என்னும் வயலட் மலர். கற்கள் நகரும்தோறும் அதன் மண்ணடித் தண்டுகளும் நீண்டு இடம் தேடிக்கொள்கின்றன.

மண்ணோடு ஒட்டி மெத்தை போல் வளரும் அரினேரியா வகையொன்று அங்குண்டு. அதன் சின்னஞ்சிறு வெண்பூக்களில் மகரந்தம் சேர்க்கும் பணியைப் பெரும்பாலும் எறும்புகள் செய்வதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். எறும்பின் உயரத்திற்கே பூவும் அமைந்துள்ளது. இம்மெத்தைச் செடியின் அடியிலுள்ள மண் சுற்றியுள்ள வெறும் மண்ணைவிட ஈரமும் ஊட்டமும் மிகுந்தது. ஆதலால் பிற செடிகள் இதன் மடியில் முளைக்கின்றன. இத்தகைய ஒரு செடி வறட்சியில் மடிந்தால் அதனை அண்டி வாழ்பவையும் நிழலிழக்கும்.

பனி உருகும் நீர் தேங்கும் பள்ளங்களில் பசும்புல் நிலங்கள் உண்டு. ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பொரெகில் என்ற பெயரால் மேய்ப்பர்கள் அவற்றை அழைக்கின்றனர். வறண்ட சாம்பல்நிறப் பாறைகளின் நடுவே கோடையிலும் பசுமை மாறாமல் கிடக்கும் அந்நிலங்களில்தான், ஒட்டும் இலைகளால் சிறு பூச்சிகளைப் பிடித்துண்ணும் பிங்குயிகுலா நெவாடென்சிஸ் வாழ்கின்றது. சத்துக் குறைந்த சதுப்பு மண்ணில் கிடைக்காததை அது பூச்சியின் உடலிலிருந்து பெற்றுக்கொள்கின்றது. நீரோட்டம் நின்றால் முதலில் துன்புறுபவை இப்பள்ளங்களின் செடிகளே.

மன்சானீயா எனப்படும் நறுமணச் செடியின் கதை சற்று வேறானது. அர்ட்டிமீசியா கிரனடென்சிஸ் என்பது அதன் நூற்பெயர். வயிற்றுக்கு நல்லதென அதன் பூந்தலைகளைக் கொதிநீரிலிட்டு அருந்தும் வழக்கத்தால் மக்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பறித்தனர். அதனால் அது அருகிப்போயிற்று. இன்று அதனைப் பறிப்பதற்குத் தடை உண்டு. மனிதனின் கையிலிருந்து தப்பிய அச்செடி இப்போது பருவத்தின் மாற்றத்தை எதிர்கொண்டு நிற்கின்றது.

2022ஆம் ஆண்டின் கோடை

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் மிகவும் வறண்டிருந்தன. பனி சேர வேண்டிய மாதங்கள் அவை. மார்ச் மாதத்தின் நடுவில் ஸஹாரா பாலைவனத்திலிருந்து எழுந்த பெரும் புழுதி மண்டலம் கடல் கடந்து வந்தது. ஸ்பெயினின் பல நகரங்களில் வானம் செந்நிறமாயிற்று. சியரா நெவாடாவின் பனிச்சரிவுகள் காவி நிறம் பூண்டன. ஸஹாராப் புழுதி இம்மலைக்குப் புதிதன்று. அதிலுள்ள பாஸ்பரஸ் போன்ற சத்துக்கள் மலையுச்சி ஏரிகளின் நுண்ணுயிர்களுக்கு உணவாவதை ஆய்வாளர் முன்பே விளக்கியுள்ளனர். எனினும் பனியைப் பொறுத்தவரை அதன் விளைவு வேறு. தூய வெண்பனி தன்மேல் விழும் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அழுக்குப் படிந்த பனி அவ்வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் விரைந்து உருகும். வெண்ணிற ஆடைக்கும் கருநிற ஆடைக்கும் வெயிலில் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

அதன்பின் வெப்பம் வந்தது. மே மாதத்தின் பிற்பகுதியிலேயே கோடையின் உச்சத்தை ஒத்த வெயில் அடித்தது. ஜூன் நடுவில் ஒன்று, ஜூலையில் நீண்ட ஒன்று, ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்டில் மற்றொன்று என மூன்று வெப்ப அலைகள் நாட்டைத் தாக்கின. கோடையின் மூன்று மாதங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாட்கள் வெப்ப அலையில் கழிந்தன. 1961ஆம் ஆண்டு முதலான பதிவுகளில் அதுவரை கண்டிராத வெப்பமான கோடை என ஸ்பெயின் அரசின் வானிலை நிறுவனம் அதனை அறிவித்தது. இயல்பான சராசரியைவிட இரண்டு டிகிரிக்கும் மேல் வெப்பம் மிகுந்திருந்தது. பின்னர் 2025ஆம் ஆண்டின் கோடை அதனையும் சிறிதளவு விஞ்சியது. வழக்கத்திற்கு மாறானது என்று சொல்லப்பட்ட கோடை மூன்றாண்டுகளுக்குள் இரண்டாமிடத்திற்குச் சென்றுவிட்டது.

பனி சேரும் மாதங்களில் வறட்சி. சேர்ந்த பனியின் மேல் புழுதி. புழுதியின் பின் முன்கூட்டிய வெயில். இம்மூன்றும் ஒரே ஆண்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, முன்பு நாம் கூறிய இரண்டு சுவர்களுக்கிடையிலான வெளி எவ்வாறு சுருங்கும் என்பதைப் படிப்போர் தாமே உணரலாம். மழையற்ற கோடையில் ஆவியாகும் நீரின் அளவும் கூடுகின்றது. வேர் ஆழ்ந்த பழஞ்செடி ஓராண்டைத் தாங்கிக்கொள்ளும். அவ்வாண்டில் முளைத்த நாற்று தாங்குவது அரிது. மலையுச்சிச் செடிகள் பல நீண்ட ஆயுள் கொண்டவை. ஆகவே தீய கோடை ஒன்றின் பின்னும் மலை பூத்ததாகவே தோன்றும். தாய்ச்செடிகள் நிற்கின்றன, இளஞ்செடிகள் இல்லை என்பதை உற்று எண்ணுவோரே அறிவர்.

எண்ணியவர்களும் எழுதியவர்களும்

எண்ணி எழுதிவைக்கும் இப்பணி அந்நிலத்திற்குப் புதிதன்று. ஷுலைரிலிருந்து வெகு தொலைவில் இல்லாத மாலகாவில் பிறந்தவர் இப்னுல் பைத்தார். இஷ்பீலியாவின் அபுல் அப்பாஸ் அந்நபாத்தீயிடம் பயின்று, ஆசிரியரோடு செடி தேடி அலைந்து, பின் கிழக்கு நோக்கிப் பயணமாகி, ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) திமிஷ்கில் காலமானார். ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருட்களை அகரவரிசையில் விளக்கும் அவருடைய அல்ஜாமிஉ என்னும் பெருநூலை அரபு பயின்றோர் அறிவர். நூலில் கண்டதை நிலத்தில் சென்று பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பது அம்மரபின் நெறி.

பின்னாளில் அம்மலையை அளந்தவருள் முதன்மையானவர் சிமோன் தெ ரோஹாஸ் கிளெமெந்தே. அவருடைய வாழ்வு நம் கவனத்திற்குரியது. அவர் மத்ரித் நகரில் அரபு மொழி கற்பித்தவர். அலீ பே என்ற பெயரில் பயணம் செய்து 1807இல் மக்காவை அடைந்த தொமிங்கோ பதீயா அவரிடம் அரபு பயின்றவரே. அப்பயணத்திற்குத் தாமும் செல்வதாக இருந்த கிளெமெந்தே, முஹம்மத் பின் அலீ என்ற பெயரையும் அரபு உடையையும் மேற்கொண்டார். பயணம் அவருக்கு வாய்க்கவில்லை. மாறாக, 1804இல் கர்னாத்தாப் பகுதியின் இயற்கை வரலாற்றை ஆராயும் பணி கிடைத்தது. காற்றழுத்தமானியைக் கையிலேந்தி மலையேறிய அவர், ஒவ்வொரு செடியும் எந்த உயரம் வரை வாழ்கின்றது என்று குறித்தார். செடிகளின் உயர எல்லையை அளந்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

1837இல் ஜெனீவாவைச் சேர்ந்த எத்மோன் புவாசியே அங்கு வந்து, மலையின் செடிகளை உயரப் பட்டைகளாகப் பிரித்து விரிவாக எழுதினார். பனிநட்சத்திரத்திற்கும் மன்சானீயாவிற்கும் நூற்பெயர் இட்டவர் அவரே. ஷுலைரின் புல்வகை ஒன்றிற்குக் கிளெமெந்தேயின் பெயரைச் சூட்டியவரும் அவரே.

அதே மரபின் தொடர்ச்சியாக 2001ஆம் ஆண்டு முதல் ஓர் ஏற்பாடு நடைபெற்று வருகின்றது. வியன்னாவை மையமாகக் கொண்ட குளோரியா என்னும் ஆய்வுத் திட்டம், ஐரோப்பியச் சிகரங்களில் நிலையான சிறு கட்டங்களைக் குறித்து, அவற்றிலுள்ள ஒவ்வொரு செடியையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணுகின்றது. மண்ணுக்குள் புதைத்த கருவிகள் வெப்பநிலையைப் பதிவு செய்கின்றன. அதிலிருந்து பனி எந்நாள் படிந்தது, எந்நாள் உருகியது என்பதும் தெரியவரும். ஷுலைரின் சிகரங்களும் அதில் சேர்ந்துள்ளன.

அதன் முடிவுகள் சிந்திக்கத்தக்கவை. 17 மலைப்பகுதிகளின் 66 சிகரங்களில் 2001க்கும் 2008க்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் 2012இல் வெளியிடப்பட்டது. வடக்கு, நடு ஐரோப்பாவின் சிகரங்களில் செடி வகைகளின் எண்ணிக்கை பெருகியிருந்தது. தாழ்நிலச் செடிகள் மேலேறி வந்ததே அதற்குக் காரணம். மத்தியதரைக்கடல் பகுதியின் சிகரங்களிலோ எண்ணிக்கை குறைந்தது அல்லது அப்படியே நின்றது. ஆறு ஆண்டுகள் கழித்து 302 ஐரோப்பியச் சிகரங்களின் 145 ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்ட மற்றோர் ஆய்வு, 2007 முதல் 2016 வரையிலான பத்தாண்டில் சிகரங்களுக்குப் புதிய வகைகள் வந்துசேரும் வேகம், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பத்தாண்டைவிட ஐந்து மடங்கு எனக் கண்டது.

ஷுலைரை மட்டும் எடுத்துக்கொண்டு 2001, 2008, 2019 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளை ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளிவந்தது. 2008 வரை குறைந்த வகைகளின் எண்ணிக்கை பின்னர் உயர்ந்தது என்பது அதில் கண்ட செய்தி. இதைக் கேட்டு ஆறுதலடைவோர் அதன் காரணத்தையும் கேட்க வேண்டும். அந்தப் பிற்பகுதி ஆண்டுகளில் மழையும் பனியும் சற்றுக் கூடியிருந்தன. ஈரம் மிகுந்தபோது செடிகள் வந்தன, குறைந்தபோது மறைந்தன. மேலும் செடிகள் மூடிய பரப்பு சிறிது கூடியபோதிலும், அம்மலைக்கே உரிய வகைகள் அவ்வாதாயத்தில் பங்கு பெறவில்லை. பரவலாகக் காணப்படும் குறுஞ்செடிப் புதர்களே பெருகின.

எண்ணிக்கை என்னும் ஒற்றை அளவுகோல் நம்மை எங்கே ஏமாற்றும் என்பது இதனால் புலனாகும். ஒரு சிகரத்தில் பத்து வகைகள் இருந்த இடத்தில் பன்னிரண்டு இருந்தால் வளம் பெருகியதாகத் தோன்றும். வந்த இரண்டும் அடிவாரமெங்கும் மலிந்தவையாகவும், ஒடுங்கிக்கொண்டிருப்பது உலகில் வேறிடமில்லாததாகவும் இருந்தால், அதனை வளம் என்று எவ்வாறு கூறுவது? அடிவாரச் செடி மேலேற இடமுண்டு. உச்சியில் இருப்பதற்கு ஏறுவதற்கு மேலே வானமே உள்ளது.

ஸாகியாக்களின் பணி

மலை தன் பனியைக் கோடைவரை காத்து வைப்பதைக் கண்ட அந்தலுஸ் உழவர்கள், அப்பணியில் தாமும் பங்குகொள்ள ஒரு வழி கண்டனர். ஸ்பானிய மொழியில் கால்வாயைக் குறிக்கும் அசெக்கியா என்ற சொல், அஸ்ஸாகியா என்ற அரபுச் சொல்லே. குளத்தைக் குறிக்கும் அல்பெர்கா நம் அல்பிர்கா. நீர்த்தொட்டியைக் குறிக்கும் அல்ஹீபே நம் அல்ஜுப்பு. சொற்களோடு தொழிலும் அந்நிலத்தில் தங்கியது.

அங்குள்ள ஸாகியாக்களில் ஒருவகை, வயலுக்கு நேராக நீர் கொண்டுசெல்வதற்கு வெட்டப்பட்டதன்று. வசந்தத்தில் பனி உருகி ஓடைகள் பெருகும் வேளையில், ஓடையின் தலைப்பகுதியிலிருந்து நீரைத் திருப்பி, மலைச்சரிவின் குறுக்கே மெல்ல நடத்தி, மண் நன்கு உறிஞ்சும் இடங்களில் பரவ விட்டுவிடுவர். சிதைந்து பிளவுற்ற மேற்பாறைப் படலத்தில் அந்நீர் இறங்கி, அதனுள் மெல்ல நகர்ந்து, வாரங்கள் மாதங்கள் கழித்துக் கீழேயுள்ள ஊற்றுகளில் வெளிப்படும். ஓடையில் விட்டிருந்தால் சில நாட்களில் கடலை அடைந்திருக்கும் நீர், வறண்ட கோடையில் ஊற்றாகப் பாய்கின்றது. வழிநெடுகிலும் கசியும் ஈரத்தில் புல்லும் பூஞ்செடிகளும் செஸ்ட்நட் மரங்களும் வளர்கின்றன. மண் கால்வாய் கசிவதை வீண் என்று எண்ணிச் சிமெண்ட் பூசினால், கால்வாய் பிழைக்கும். அதனால் வாழ்ந்தவை பிழைக்கா.

இத்தொழில் அறுபடாமல் வந்தமைக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. 1568 முதல் 1571 வரை நிகழ்ந்த எழுச்சிக்குப் பின் மொரிஸ்கோ மக்கள் அம்மலைக் கிராமங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். வேற்றிடங்களிலிருந்து குடியேற்றப்பட்டவர்களுக்கு அந்நிலத்தின் நீர் முறைகள் தெரியா. அவற்றைக் கற்பிப்பதற்காக ஊருக்கு இரண்டு மொரிஸ்கோ குடும்பங்களை நிறுத்திவைத்தனர் என்பர். ஆட்சி மாறியது, மக்கள் மாறினர். கால்வாய் மட்டும் அதே வழியில் ஓடியது. ஏனெனில் மலையும் பனியும் மாறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிராமத்தார் நகரங்களுக்குச் சென்றபோது பல ஸாகியாக்கள் தூர்ந்தன. ஆண்டுதோறும் வசந்தத்தில் ஊர் கூடித் தூர் வாரும் வழக்கம் ஆளின்றி நின்றது. 2014ஆம் ஆண்டு முதல் கர்னாத்தாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிராம மக்களோடும் தன்னார்வத் தொண்டர்களோடும் சேர்ந்து, தூர்ந்த கால்வாய்கள் சிலவற்றை மண்வெட்டி கொண்டே மீட்டு வருகின்றனர்.

இதனைக் கொண்டு மலையுச்சிப் பூக்களுக்கு விடிவு கண்டாயிற்று என்று நாம் கூறத் துணியோம். ஸாகியாவின் நீர் கீழ்நோக்கியே பாயும். சரிவிலுள்ள ஊற்றும் புல்லும் மரமும் அதனால் வாழும். ஸாகியாவின் தலைக்கு மேலே, சிகரத்தின் கற்களிடையே வாழும் வயலட்டிற்கும் மெத்தைச் செடிக்கும் பனியே நீர், அதற்கு மாற்றில்லை. அப்பனியை மண்வெட்டியால் மீட்கவியலாது. உலகின் வெப்பத்தைக் கூட்டும் புகை எங்கெங்கு எழுகின்றதோ அங்கெல்லாம் அதற்கான கணக்கு உள்ளது. இம்மலையின் வெலெத்தா சிகரத்து அடியில், ஐரோப்பாவின் தென்கோடியில் இருந்த பனியாறு இருபதாம் நூற்றாண்டில் மறைந்தேவிட்டது. கோடையிலும் பனி நீங்காத மலை என்ற பழைய இலக்கணம் இன்று ஆண்டுக்கு ஆண்டு சோதிக்கப்படுகின்றது.

எனவே செய்யவேண்டியவை இரண்டாகப் பிரிகின்றன. சரிவுகளில் நீரைத் தேக்கும் பழந்தொழிலைக் காப்பது அங்குள்ள மக்களால் இயலும். அவர்கள் செய்தும் வருகின்றனர். உச்சியில் பனியைக் காப்பது அவர்களால் மட்டும் இயலாது. 1999 முதல் அம்மலை தேசியப் பூங்காவாக உள்ளது. ஆட்டு மந்தையையும் செடி பறிப்போரையும் வேலி தடுக்கும். வெப்பத்தை எந்த வேலியும் தடுப்பதில்லை.

குளோரியாவின் கட்டங்களில் செடிகளை எண்ணுவோர் மீண்டும் மீண்டும் சிகரமேறுவர். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் மண்டியிட்டு, நின்றிருக்கும் தாய்ச்செடிகளின் அருகே அவ்வாண்டின் நாற்று உண்டா எனத் தேடுவர். 2022, 2025 ஆகிய இரு கோடைகளின் முழுக் கணக்கு, அங்கே விரற்கடை உயரமுள்ள அந்நாற்றுகளில்தான் எழுதப்பட்டுள்ளது.